ஏலத்துக்கு முந்தைய மூன்று நாட்கள்: ஜோகன்னஸ்பர்க்கில் ஓவியம் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலை மாற்றலாகி வந்த முதல் வருஷம், சனிக்கிழமையானால் எங்கே போவதென்று தெரியாமல் மால் மாலாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அலுவலக நண்பர் ஹவுட்டன் பக்கம் ஓர் ஏல நிறுவனத்துக்குக் கூட்டிப்போனார். "ஏதாவது வாங்கப் போறோமா?" என்று கேட்டேன். "இல்ல, பார்க்கப் போறோம்" என்றார். அன்று தென்னாப்பிரிக்க ஓவியர் ஜெரார்ட் செகோட்டோவின் ஓர் ஓவியத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். குறுக்கே கயிறும் இல்லை, மேலே கண்ணாடியும் இல்லை. மஞ்சள் சுவரின் மேல் தூரிகை இழுத்த தடம் தெரிந்தது. நான்கு நாளில் அது ஏலம் போய்விட்டது. யார் வீட்டுக்குப் போயிற்றோ, இனி என் ஆயுளில் அதைப் பார்ப்பேனோ மாட்டேனோ.

இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். ஏலத்துக்கு முன்னால் மூன்று நான்கு நாட்கள் எல்லாப் படைப்புகளையும் மாட்டிவைத்து, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவிடுகிறார்கள். அதுதான் ப்ரிவ்யூ. பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. முப்பது நாற்பது வருஷம் யார் வீட்டு வரவேற்பறையிலோ தொங்கிய படம் அந்தச் சில நாட்கள் பொதுவுக்கு வந்துவிட்டு, மறுபடி இன்னொரு வீட்டுக்குள் போய்விடும். நடுவில் கிடைக்கிற இந்த இடைவெளியில்தான் நாம் அதைப் பார்க்க முடியும். பணம் இல்லையே என்று தயங்கி இதைத் தவறவிடாதீர்கள்.

முதலில், எங்கே?

தென்னாப்பிரிக்கக் கலையை ஏலம் விடுவதில் பெரிய பெயர் ஸ்ட்ராஸ் அண்ட் கோ. ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் இரண்டிலும் இருக்கிறார்கள். 2016-இல் தொடங்கிய ஆஸ்பயர் சமகாலக் கலைக்கு அதிக இடம் கொடுக்கிறது. ஸ்டீபன் வெல்ஸ் அண்ட் கோ ஓவியத்தோடு நகை, மரச்சாமான், பீங்கான் என்று பலவும் விற்கும். லண்டனில் இருப்பவர்களுக்கு பான்ஹாம்ஸ் இருக்கிறது. தென்னாப்பிரிக்கக் கலைக்கென்றே தனி ஏலங்கள் நடத்திய நிறுவனம் அது.

இந்த நிறுவனங்களின் இணையதளத்தில் மின்னஞ்சலைக் கொடுத்து வைத்தால், ஏலத்துக்கு வருபவற்றின் பட்டியலான கேட்லாக் வெளியானதும் தகவல் வரும். ப்ரிவ்யூ எந்த நாட்கள், எத்தனை மணி முதல், நிபுணர் கூட வந்து விளக்கும் 'வாக்அபவுட்' எப்போது என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். முதல்முறை போகிறவர்கள் வாக்அபவுட் நடக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து படங்களைப் பற்றி, அந்தத் துறையிலேயே ஊறியவர் வாயால் கேட்கலாம். முழுக்க ஆன்லைனில் மட்டுமே நடக்கிற ஏலங்களும் உண்டு. அவற்றுக்கு ப்ரிவ்யூ இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை

கேட்லாகில் இருநூறு முந்நூறு லாட் இருக்கும். லாட் என்றால் ஏலத்தில் ஒரே எண்ணில் வரும் பொருள். ஒற்றைப் படமாகவும் இருக்கலாம், நாலு படம் சேர்ந்த கட்டாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று போனால் ஒன்றும் மனதில் நிற்காது. முந்தின நாள் இரவு உட்கார்ந்து பத்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து உங்களுக்குப் பிடித்தவை. இரண்டு, இதற்கு ஏன் இவ்வளவு விலை என்று புரியாதவை. மூன்று, நிஜமாகவே உங்கள் கைக்கு எட்டும் விலையில் இருப்பவை. பத்து போதும்.

கேட்லாக் பதிவுகளைப் படிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். கலைஞரின் பெயர் மட்டும் தனியாக இருந்தால், இது அவருடைய கைவேலைதான் என்று நிறுவனம் கருதுகிறது. பெயருக்கு முன்னால் 'அட்ரிபியூட்டட் டு' என்று இருந்தால், அவருடையதாக இருக்கலாம் என்ற அளவில்தான் சொல்கிறார்கள். 'ஆஃப்டர்' என்று இருந்தால் அவருடைய படைப்பைப் பார்த்து வேறு யாரோ செய்தது. 'சைன்ட்' என்பதற்கும் 'பேர்ஸ் சிக்னேச்சர்' என்பதற்கும்கூட மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்: முதலாவதில் அவர் கையெழுத்திட்டார், இரண்டாவதில் படத்தின் மேல் ஒரு கையெழுத்து இருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு நிறுவனமும் இந்தச் சொற்களுக்கான விளக்கத்தைக் கேட்லாகின் பின்பக்கங்களில் அச்சிடுகிறது. அதை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

அளவில் உயரம் முதலில், அகலம் பின்னால். அச்சுப் படங்களுக்குப் படத்தின் அளவா, தாளின் அளவா என்று பாருங்கள். எஸ்டிமேட் என்று இரண்டு தொகை போட்டிருப்பார்கள். இதற்கும் இதற்கும் நடுவில் போகலாம் என்ற கணிப்பு. ரிசர்வ் என்பது விற்பவர் சம்மதித்திருக்கும் குறைந்தபட்ச விலை. அதை வெளியே சொல்ல மாட்டார்கள். பொதுவாக எஸ்டிமேட்டின் கீழ்த் தொகையைத் தாண்டாது.

உள்ளே போன பிறகு

சாதாரண உடை போதும். கையில் பெரிய பை இருந்தால் வரவேற்பில் கொடுத்துவிடுங்கள். யாரும் உங்கள் வருமானத்தைக் கேட்க மாட்டார்கள். காலையில் போவது நல்லது. கூட்டம் குறைவு, ஜன்னல் வெளிச்சமும் கிடைக்கும். கோடைக்காலத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் பிற்பகல் இடிமழை வந்து வானம் இருட்டிவிட்டால், விளக்கு வெளிச்சத்தில் மட்டும்தான் நிறத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

முதல் சுற்றில் பெயர்ச்சீட்டைப் படிக்காமல் நடந்துவிடுங்கள். விலையைப் பார்த்துவிட்டால் கண் அதன் பின்னாலேயே போய்விடும். இரண்டாவது சுற்றில்தான் குறித்துவைத்த பத்து எண்கள். ஒவ்வொன்றையும் மூன்று தூரத்திலிருந்து பாருங்கள்: அறையின் மறுகோடியிலிருந்து, நாலடியிலிருந்து, மூக்கு படாத அளவுக்கு அருகிலிருந்து. பிறகு பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் சாய்வாக விழும்படி பாருங்கள். பெயின்ட் எங்கே மேடாக இருக்கிறது, எங்கே வெடித்திருக்கிறது, எங்கே யாரோ பின்னால் தொட்டு நிரப்பியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். ஃபோட்டோ எடுக்குமுன் கேளுங்கள், ஃபிளாஷ் வேண்டாம்.

பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மியூசியத்தில் கிடைக்காத வாய்ப்பு இது. அங்கே நிற்கும் ஊழியரிடம் "இந்தப் படத்தோட பின்பக்கத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அதற்காகத்தான் அவர்கள் அங்கே நிற்கிறார்கள். நீங்களே கை வைத்துக் கழற்றக் கூடாது.

நான் முதலில் அப்படிப் பார்த்தது ஒரு சிறிய எண்ணெய் ஓவியம், அட்டையில் வரைந்தது. ஊழியர் கையுறை போட்டு, சுவரிலிருந்து இறக்கி, கம்பளி விரித்த மேசையில் கவிழ்த்தார். பழுப்பேறிய அட்டை. மேல் மூலையில் பாதி கிழிந்த கேலரி லேபிள். நடுவில் பென்சிலில் ஒரு தலைப்பு, அதைக் கோடிட்டு அடித்துவிட்டு வேறொரு தலைப்பு. ஃபிரேம் போட்ட கடையின் சிறு சீட்டு, அதில் பழைய காலத்து ஐந்து இலக்கத் தொலைபேசி எண். கீழே சாக்பீஸில் ஓர் எண், முன்பு எப்போதோ வேறோர் ஏலத்துக்குப் போனதன் தடம். முன்பக்கம் ஐந்து நிமிடம் பார்த்தேன், பின்பக்கம் பதினைந்து நிமிடம் பார்த்தேன்.

அந்த லேபிள்கள்தான் படம் கைமாறி வந்த வழியைச் சொல்கின்றன. ப்ராவனன்ஸ் என்பார்கள். எவரார்ட் ரீட் கேலரி 1913-இலிருந்து இருக்கிறது, குட்மன் கேலரி 1966-இல் தொடங்கியது. இப்படிப்பட்ட பெயர்களைப் பின்பக்கத்தில் பார்த்தால், கேட்லாகில் போட்டிருக்கும் வரலாற்றோடு பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள். 1960-இல் விற்ற படம் என்று சொல்லிவிட்டு, 1966-இல் திறந்த கேலரியின் லேபிள் மட்டும் இருந்தால் நடுவில் நடந்ததைக் கேட்க வேண்டும். அட்டை, ஆணி, கித்தான் இவையெல்லாம் படத்தின் வயதோடு ஒத்துப்போகின்றனவா என்பதும் பின்பக்கத்தில்தான் தெரியும்.

கைமாறி வந்த கதை எவ்வளவு பெரியதாக இருக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்க ஓவியர் இர்மா ஸ்டெர்னின் 'அரப் இன் பிளாக்' ஓவியத்தைச் சொல்ல வேண்டும். லண்டனில் ஒரு வீட்டுச் சமையலறையில் அது நோட்டீஸ் போர்டாக இருந்தது. கடிதங்களையும் சீட்டுகளையும் அதன் மேல் குத்தி வைத்திருந்தார்கள். பான்ஹாம்ஸ் நிபுணர் கண்ணில் பட்டு, 2015-இல் சுமார் 8.4 லட்சம் பவுண்டுக்குப் போயிற்று. ஆனால் எனக்கு விலையைவிட அதற்கு முந்தைய கதை பெரியது. 1956-இல் மண்டேலா உட்பட 156 பேர் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கை எதிர்கொள்ளப் பணம் திரட்ட நடந்த ஏலத்துக்காகக் கொடுக்கப்பட்ட படம் அது. அங்கே அதை வாங்கிய குடும்பம் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தபோது கூடவே போனது. அந்த 156 பேரில் டர்பனின் இந்திய வம்சாவளித் தலைவர் டாக்டர் மான்ட்டி நாயக்கரும் ஒருவர். இப்படி ஒரு படத்தின் முன் நிற்கும்போது, யார் வரைந்தார் என்பதோடு யாருக்காக விற்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

யாரையெல்லாம் பார்ப்பீர்கள்

எந்த ப்ரிவ்யூவிலும் திரும்பத் திரும்ப வரும் சில பெயர்கள் உண்டு. அவர்களை அறிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

செகோட்டோவை நான் முதலில் வைப்பேன். 1913-இல் பிறந்தார். ஜோகன்னஸ்பர்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த சோஃபியாடவுன், கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ், பிரிட்டோரியாவின் ஈஸ்ட்வுட் என்று மூன்று இடங்களில் இருந்து வரைந்துவிட்டு 1947-இல் பாரிசுக்குப் போனவர், 1993-இல் பிரான்சிலேயே இறந்தார். தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. பிழைப்புக்கு மதுக்கூடங்களில் பியானோ வாசித்திருக்கிறார். அவருடைய சோஃபியாடவுன் தெருக்காட்சி ஒன்றை ஜோகன்னஸ்பர்க் ஆர்ட் கேலரி 1940-இல் வாங்கியது. கறுப்பினக் கலைஞர் ஒருவரின் ஓவியத்தை அந்தக் கேலரி வாங்கியது அதுதான் முதல் தடவை. கேட்லாகில் அவருடைய படம் வந்தால் ஆண்டைப் பாருங்கள். 1947-க்கு முந்தையவற்றுக்கும் பாரிஸ் காலத்தவற்றுக்கும் எஸ்டிமேட்டில் பெரிய இடைவெளி இருக்கும். ஏன் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். முந்தையவை அவர் நடந்த தெரு, அவர் பார்த்த வெயில். பிந்தையவற்றில் பலவும் நினைவிலிருந்து வரைந்தவை. 1955 முதல் சோஃபியாடவுனை அரசு இடித்துத் தரைமட்டமாக்கியது. ஆகவே அந்தத் தெருக்களின் நிறம் இன்று மிஞ்சியிருப்பது இப்படிப்பட்ட படங்களில்தான். என்னைக் கேட்டால் பாரிஸ் காலத்து நீல முகங்களைச் சந்தை குறைவாகவே மதிக்கிறது. அவற்றின் முன்னும் நேரம் செலவிடுங்கள்.

இர்மா ஸ்டெர்ன் விலையில் உச்சம். 'அரப் பிரீஸ்ட்' 2011-இல் லண்டனில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. 1939-இலும் 1945-இலும் சான்சிபாருக்குப் போய் வரைந்தவை மிகவும் தேடப்படுபவை. அவற்றில் சில, அந்தத் தீவின் செதுக்கு மரவேலைப்பாட்டில் செய்த ஃபிரேமுடனே இருக்கும். அந்த ஃபிரேமும் படைப்பின் பகுதிதான், கழற்றி வேறு போட்டிருந்தால் மதிப்புக் குறையும். பெயின்டை அவர் அப்பியிருக்கும் தடிமனைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அதே சமயம், வசதியான வெள்ளையினப் பெண் ஒருவர் பயணம் போய் மற்றவர்களை வரைந்தது இது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டே பாருங்கள். ஸ்டெர்ன் வரைந்த முகத்தையும் செகோட்டோ வரைந்த முகத்தையும் ஒரே நாளில் பார்க்கக் கிடைத்தால், நூறு பக்கம் படிப்பதைவிட அதிகம் புரியும்.

பியர்னீஃப் நிலக்காட்சிக்காரர். ஜோகன்னஸ்பர்க் ரயில் நிலையத்துக்காக அவர் வரைந்த 32 பலகைகள் 1932-இல் முடிந்தன. குடை விரித்த முள்மரம், அடுக்கடுக்காக மேகம், மனிதரே இல்லாத வெளி. அந்த வெளியில் மனிதர் ஏன் இல்லை என்ற கேள்வி பல விமர்சகர்கள் கேட்டது, எனக்கும் எழுகிறது.

வாங்கும் எண்ணத்தோடு போகும் புதியவர்களை நான் லினோகட் பக்கம் அனுப்புவேன். தரைக்குப் போடும் லினோலியத்தைச் செதுக்கி, மையிட்டு, தாளில் அழுத்தி எடுப்பது. பெரிய இயந்திரம்கூட வேண்டாம், கரண்டியின் முதுகால் தேய்த்தே பிரதி எடுத்துவிடலாம். நிறவெறி ஆட்சியில் கலைக்கல்லூரிக் கதவு மூடியிருந்தவர்களுக்கு இந்த எளிய வழி திறந்தது. இன்றைய குவாசுலு-நேட்டாலில், ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில் 1960-களில் ஸ்வீடன் நாட்டு லுத்தரன் சபையினர் நடத்திய கலைமையத்திலிருந்து அசரியா ம்பாத்தா, ஜான் முவாஃபான்கேஜோ போன்றவர்கள் வந்தார்கள். முவாஃபான்கேஜோ படத்துக்குள்ளேயே வரிகளைச் செதுக்கிவிடுவார். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முழுக் கதையும் அதில் இருக்கும். அருகில் போய் அந்த வரிகளை வாசியுங்கள். ஜோகன்னஸ்பர்க் கலைஞர் வில்லியம் கென்ட்ரிட்ஜின் அச்சுகளும் பெரும்பாலான ஏலங்களில் வரும்.

தாளில் இருப்பதை வாங்குவதானால்

கீழ் ஓரத்தில் பென்சிலால் 12/50 என்பது போல எண் இருந்தால், ஐம்பதில் பன்னிரண்டாவது பிரதி. ஏ.பி. என்றால் கலைஞர் தனக்காக எடுத்துக்கொண்டது. கையெழுத்து பென்சிலில்தானா, அச்சிலேயே சேர்ந்து வந்ததா என்று பாருங்கள். கைக்குள் அடங்கும் பூதக்கண்ணாடி ஒன்று எடுத்துப் போங்கள். அதில் பார்க்கும்போது சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது இயந்திரத்தில் அடித்த நகல். ஓவியர் ட்ரெச்சிகாஃபின் 'சைனீஸ் கேர்ள்' படத்தின் நகல்கள் உலகம் முழுக்க வீட்டுச் சுவர்களில் தொங்கின. மூல ஓவியம் 2013-இல் சுமார் 9.8 லட்சம் பவுண்டுக்குப் போயிற்று. நகலின் விலை எங்கே, அது எங்கே! நகலை ரசித்து வாங்குவதில் தப்பே இல்லை. கலைஞர் செதுக்கி எடுத்த மூல அச்சு என்று நினைத்துப் பணம் கொடுக்கக் கூடாது.

தாளில் பழுப்புப் புள்ளி, தண்ணீர்க் கறை, பூச்சி அரித்த ஓரம், அட்டையின் அமிலம் பட்டு நாலு பக்கமும் விழுந்த பழுப்புக் கோடு, ஃபிரேமுக்குள் பொருத்துவதற்காக வெட்டிவிட்ட ஓரம் இவற்றையெல்லாம் தேடுங்கள். நான் ஒருமுறை ப்ரிவ்யூவுக்குப் போகாமல், வீட்டிலிருந்தே திரையில் பார்த்து ஒரு லினோகட் வாங்கினேன். வந்து பிரித்தபோது கீழ் ஓரம் எண் வரைக்கும் வெட்டப்பட்டிருந்தது. கேட்லாகின் ஃபோட்டோவில் ஃபிரேம் அதை மறைத்திருந்தது. படம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கண்டிஷன் ரிப்போர்ட்டைக் கேட்டிருந்தால் அனுப்பியிருப்பார்கள், நான் கேட்கவில்லை. எந்த லாட்டுக்கும் இந்த ரிப்போர்ட்டை இலவசமாகவே தருகிறார்கள். மின்னஞ்சலில் லாட் எண்ணைச் சொல்லிக் கேட்டால் போதும். நேரில் பார்த்த பிறகும் கேட்டு வாங்குங்கள்.

வெண்கலச் சிற்பத்துக்கு ஒரே ஒரு குறிப்பு: வார்ப்பட்டறையின் முத்திரையைத் தேடுங்கள். தென்னாப்பிரிக்கச் சிற்பி ஆன்டன் வான் வோவின் சிற்பங்களை ரோமில் வார்த்தார்கள். பிற்காலத்தில் வேறு இடங்களில் வார்த்தவையும் சுற்றுகின்றன. விரல் நகம், சட்டை மடிப்பு, செருப்பின் சுருக்கம் எவ்வளவு கூர்மையாக விழுந்திருக்கிறது என்பதில் வித்தியாசம் தெரியும்.

பணக் கணக்கு

ஏலம் விடுபவரின் சுத்தியல் விழும் விலையோடு முடியாது. அதன் மேல் வாங்குபவர் கமிஷன், அந்தக் கமிஷன் மேல் 15 சதவீதம் வாட் என்னும் மதிப்புக் கூட்டு வரி. கமிஷன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 40,000 ராண்டுக்குச் சுத்தியல் விழுந்தால் கமிஷன் 6,000, அதன் மேல் வாட் 900, ஆக 46,900 ராண்ட். சில லாட்களுக்கு முழு விலை மேலேயே வாட் உண்டு. கேட்லாகில் எண்ணின் பக்கத்தில் ஒரு குறி போட்டிருப்பார்கள். பிறகு ஃபிரேம், வண்டி, இன்ஷூரன்ஸ். ப்ரிவ்யூவில் நிற்கும்போதே மொத்தத் தொகையைக் கணக்குப் போட்டு, இதற்கு மேல் போவதில்லை என்று ஓர் எண்ணை எழுதிவிடுங்கள். எழுதிய அந்த எண் ஏல நேரத்தின் சூட்டில் அழியக் கூடாது.

பங்கெடுக்க முன்பதிவு வேண்டும். பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை, முகவரிச் சான்று கேட்பார்கள். ப்ரிவ்யூவிலேயே அதை முடித்துவிட்டால், ஏலம் கேட்கும்போது உங்களை அடையாளம் காட்டும் பேடில் எண் கிடைத்துவிடும்.

ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் வாங்குவதற்கு முன்பே இன்னொன்றையும் கேளுங்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி பழைய கலைப்படைப்புகள் சிலவற்றை நாட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்ல, சாஹ்ரா என்னும் மரபுவள முகமையின் அனுமதி வேண்டும். உங்கள் லாட்டுக்கு அது தேவையா, விண்ணப்பத்தை யார் போடுவது, எத்தனை நாளாகும் என்று நிறுவனத்தின் அனுப்புதல் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். இந்தக் கட்டுப்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது. பறிபோனது போக மிஞ்சியதையாவது ஒரு நாடு காத்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

ஏலம் முடிந்த பிறகு

வாங்காவிட்டாலும் ஏல நாளன்று உங்கள் பத்து எண்களையும் ஆன்லைனில் பின்தொடருங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் விற்ற விலையை எழுதுங்கள். நாலைந்து ஏலம் இப்படிச் செய்தால், கேட்லாகைத் திறந்ததுமே விலை கூடுதலா குறைவா என்று உங்களுக்கே தோன்ற ஆரம்பிக்கும். வெளியிடப்படும் விலையில் பெரும்பாலும் கமிஷனும் சேர்ந்திருக்கும், எஸ்டிமேட்டில் அது இருக்காது. ஒப்பிடும்போது மறக்க வேண்டாம்.

சில லாட்கள் ரிசர்வைத் தொடாமல் நின்றுவிடும். அவை உடனே விற்பவர் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவதில்லை. மறுநாள் காலை போன் செய்து, "அந்த லாட் இன்னும் இருக்கா? இந்தத் தொகைக்குத் தருவாங்களான்னு கேட்டுச் சொல்ல முடியுமா?" என்று கேட்கலாம். என் வீட்டுக் கூடத்தில் இருக்கும் ஒரே மூல அச்சு அப்படிக் கேட்டு வாங்கியதுதான். ப்ரிவ்யூவில் அதன் பின்பக்கத்தை ஏற்கெனவே பார்த்திருந்ததால், போனில் இரண்டே நிமிடத்தில் சரி என்று சொல்ல முடிந்தது.